டயாலிசிஸ் இல்லாத நாட்களின் கணக்கை யார் பார்ப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுநீரகம் செயலிழந்ததால் டயாலிசிஸ் (மெஷின் மூலம் ரத்தத்தைச் சுத்தம் செய்வது) செய்துகொள்பவர்களின் குடும்பத்தார் இப்போதெல்லாம் அதிகம் கேட்பது, "எந்த ஆப் போடலாம், எந்த வாட்ச் வாங்கலாம்?" என்றுதான். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஸ்மார்ட் வாட்ச் வாங்கி அனுப்புகிறார்கள். அந்த அக்கறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பணம் முதலில் எதற்குப் போக வேண்டும், வீட்டில் எடுக்கும் எண்களை யார் வாங்கிப் பார்க்க வேண்டும் என்ற இரண்டையும் யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. கடலூர், புதுச்சேரி வட்டாரத்து டயாலிசிஸ் பிரிவுகளில் வேலை செய்பவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் என்றால் மொத்தம் 12 மணி நேரம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். மீதி 156 மணி நேரமும் நோயாளி வீட்டில்தான் இருக்கிறார். உள்ளே போகும் தண்ணீரும் உப்பும் பொட்டாசியமும் வெளியேற வழியில்லாமல் அந்த நேரத்தில்தான் சேர்கின்றன. வாரம் இரண்டு முறை மட்டும் வருபவர்களுக்கு நிலைமை இன்னும் கடினம். அதிலும் இடையில் இரண்டு நாள் விடுப்பு விழும் வார இறுதிக்குப் பிறகுதான் மூச்சுத் திணறலும் இதயக் கோளாறுகளும் கூடுதலாக வருகின்றன. எந்தக் கருவியானாலும் இந்த 156 மணி நேரத்துக்கு உதவுகிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் முதலில் வாங்க வேண்டியது எடை மெஷின். டிஜிட்டல் எடை மெஷின் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. நூறு கிராம் வித்தியாசம் வரை காட்டினால் போதும். கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று போனுக்கு அனுப்பும் விலை உயர்ந்த மெஷின் வேண்டாம். காலில் மின்னோட்டம் செலுத்தி அது போடும் கணக்கு, உடம்பில் நீர் சேர்ந்திருப்பவர்களுக்குச் சரியாக வராது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அதில் ஏறவே கூடாது.

எடை ஏன் இவ்வளவு முக்கியம்? இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் கூடும் எடை கிட்டத்தட்ட முழுக்க நீர்தான். ஒரு கிலோ ஏறினால் ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். டிரை வெயிட், அதாவது கூடுதல் நீர் இல்லாத எடை, 50 கிலோ உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். டயாலிசிஸில் ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்தில் 13 மி.லி.க்கு மேல் நீரை வெளியே எடுக்காமல் இருப்பதே இதயத்துக்கு நல்லது. இவருக்கு அது மணிக்கு 650 மி.லி.; நான்கு மணி நேரத்துக்கு 2.6 லிட்டர். இவரே நான்கு கிலோ ஏறி வந்தால் மணிக்கு ஒரு லிட்டர் எடுத்தாக வேண்டும். ரத்தக் குழாய்க்குள் இருக்கும் நீரைத்தான் டயாலிசிஸ் மெஷின் இழுக்கிறது. திசுக்களில் தேங்கிய நீர் குழாய்க்குள் திரும்பி வர நேரம் பிடிக்கும். வருவதைவிட வேகமாக இழுத்தால் பிரஷர் விழுகிறது, கால் இழுத்துப் பிடிக்கிறது, வாந்தி வருகிறது, இதயத் தசைக்குப் போகும் ரத்தம் குறைகிறது. "மெஷின் சரியில்லை, அன்றைக்கு அதிகமாக எடுத்துவிட்டார்கள்" என்று நோயாளிகள் சொல்லும்போது பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே ஏறும் எடை டிரை வெயிட்டில் நூற்றுக்கு நான்கு பங்குக்குள் இருக்கட்டும். 50 கிலோவுக்கு அது 2 கிலோ.

எடை பார்க்கும் முறையில்தான் பிழைகள் அதிகம். காலையில் மலம், சிறுநீர் கழித்த பிறகு, காபிக்கு முன்பு, ஒரே மாதிரி மெல்லிய உடுப்பில் பார்க்க வேண்டும். பாய், மிதியடி, ஏற்றத்தாழ்வான சிமெண்டுத் தரை ஆகியவற்றின் மேல் வைத்தால் மெஷின் பொய் சொல்லும். டைல்ஸ் தரையில் ஒரு மூலையை ஒதுக்கி, அங்கேயே வையுங்கள். பேட்டரி தீரும் தறுவாயிலும் எண் தாவும். வீட்டு மெஷினும் ஆஸ்பத்திரி மெஷினும் ஒன்றுபோல் காட்டாது. அதற்குக் கவலைப்பட வேண்டாம். டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்ததும் சாப்பிடும் முன் ஒரு முறை பாருங்கள். அங்கே முடிவில் எழுதிய எடைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை மெஷின் மேலேயே ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். நமக்குத் தேவை, நேற்றைக்கு இன்று எவ்வளவு ஏறியது என்பது மட்டும்தான்.

எந்தச் செயலியாலும் சொல்ல முடியாத ஒன்று இங்கே இருக்கிறது. காய்ச்சலில் படுத்து, இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடாதவருக்குச் சதை கரைந்துவிடும். கரைந்த சதையின் இடத்தில் நீர் சேரும். எடை மெஷின் பழைய எண்ணையே காட்டும். "வெயிட் ஏறவே இல்லை, ஆனால் படுத்தால் மூச்சு வாங்குகிறது, இரண்டு தலையணை வேண்டியிருக்கிறது" என்று யாராவது சொன்னால், டிரை வெயிட்டைக் குறைக்க வேண்டும் என்று அர்த்தம். நல்ல பசியோடு சாப்பிட்டு உடம்பு தேறியவருக்கு நேர்மாறாக நடக்கும். அவரிடம் பழைய டிரை வெயிட் வரை நீரை இழுத்தால் ஒவ்வொரு முறையும் மயக்கம்தான். அதனால் எடையோடு மூச்சு, கால் வீக்கம், பசி ஆகிய மூன்றையும் ஒவ்வொரு சொல்லில் சேர்த்தே எழுதுங்கள்.

அடுத்து தண்ணீர்க் கணக்கு. ஒரு நாளில் போகும் சிறுநீரின் அளவோடு 500 மி.லி. சேர்த்தால், பொதுவாக அதுவே ஒரு நாளைக்குக் குடிக்கக்கூடிய அளவு. சிறுநீர் எவ்வளவு போகிறது என்பதை மாதம் ஒரு நாள் 24 மணி நேரம் அளவு ஜாடியில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். ஆண்டுகள் போகப்போக அது குறையும். முதல் மாதத்தில் சொன்ன தண்ணீர் அளவையே மூன்றாம் வருடமும் பிடித்துக்கொண்டிருப்பதால் வரும் வீக்கம் நிறைய.

போனிலும் வாட்ச்சிலும் "தண்ணீர் குடியுங்கள்" என்று மணிக்கொரு முறை நினைவூட்டும் வசதி உண்டு. நல்ல சிறுநீரகம் உள்ளவர்களுக்காகச் செய்தது அது. டயாலிசிஸ் நோயாளியின் போனில் முதல் வேலையாக அதை நிறுத்திவிடுங்கள். உடற்பயிற்சிச் செயலிகள் பரிந்துரைக்கும் இளநீர், பழச்சாறு, பாதாம், முந்திரி, புரோட்டீன் பவுடர் ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை.

தண்ணீரை அளக்கச் செயலியைவிட நல்ல வழி ஒரு பாட்டில். அனுமதித்த அளவை, உதாரணமாக 800 மி.லி., காலையில் அதில் நிரப்பி வையுங்கள். தண்ணீர் குடித்தால் அதிலிருந்தே குடிக்க வேண்டும். காபி குடித்தால் அதே டம்ளரால் பாட்டிலிலிருந்து ஒரு டம்ளர் எடுத்துத் துளசிக்கு ஊற்றிவிட வேண்டும். ரசம், மோர், கஞ்சி, கூழ், பாயசம், ஐஸ், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாமே கணக்கில் வரும். பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. போனில் எழுதிவைக்க விரும்புபவர்கள் முதலில் வீட்டு டம்ளரின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு டம்ளர் என்று செயலியில் தட்டினால் அது பெரும்பாலும் 200 அல்லது 250 மி.லி. என்று எடுத்துக்கொள்ளும். நம் வீட்டுக் காபி டம்ளர் அதில் பாதிதான் இருக்கும். தண்ணீர்ச் சொம்போ அதைப்போல் நான்கு மடங்கு இருக்கும்.

ஆனால் உப்பைக் குறைக்காமல் தண்ணீரைக் குறைக்கச் சொல்வது நோயாளியை வதைப்பது. ரத்தத்தில் உப்பு ஒரு குறிப்பிட்ட அடர்த்தியில்தான் இருக்க முடியும். சுமார் 9 கிராம் உப்பு ஒரு லிட்டர் நீரைக் கேட்கும். அந்தக் கேள்விதான் தாகம். அதை மன உறுதியால் அடக்க முடியாது. நாள் முழுவதற்கும் 5 கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி, போதும். கடலூர் துறைமுகத்துக் கருவாடு, மோர் மிளகாய், அப்பளம், ஊறுகாய், கடைச் சால்னா இவற்றில் ஏதாவது ஒன்று இலையில் வந்தாலே அந்தக் கணக்கு உடைந்துவிடும். பாக்கெட் உணவுகளில் சோடியம் எவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 800 மி.கி. சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. சர்க்கரை நோயும் சேர்ந்திருப்பவர்களுக்கு ரத்தச் சர்க்கரை ஏறியிருந்தாலும் தாகம் எடுக்கும். திடீரென்று எடை ஏறினால் இரண்டையும் விசாரிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் மாற்றாக "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதை நல்லெண்ணத்தோடு வாங்கி வருகிறார்கள். அதில் சோடியத்துக்குப் பதில் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. டயாலிசிஸ் நோயாளிக்கு அது விஷம். வீட்டில் இருந்தால் இன்றே அகற்றிவிடுங்கள்.

இரண்டாவது கருவி பிரஷர் மெஷின். மேல் கையில் பட்டை கட்டும் வகையே வேண்டும். மணிக்கட்டில் கட்டுவதும், பட்டையே இல்லாமல் வாட்ச் காட்டும் பிரஷரும் மாத்திரை அளவை மாற்றும் அளவுக்கு நம்பத்தக்கவை அல்ல. பட்டை கைக்குப் பொருந்த வேண்டும். பருத்த கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் பிரஷர் கூடுதலாகக் காட்டும். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) உள்ள கையில் ஒருபோதும் கட்டக் கூடாது. பட்டை இறுக்கும்போது ரத்த ஓட்டம் நின்று ஃபிஸ்டுலா உறைந்துபோகலாம். அந்தக் கையில் வாட்ச், இறுக்கமான வளையல், ரத்தப் பரிசோதனை ஊசி, சர்க்கரை சென்சார் எதுவும் வேண்டாம். பிள்ளை அனுப்பிய வாட்ச்சைக் கட்டிக்கொள்ள ஆசை என்றால் மற்றக் கையில் கட்டலாம். நடந்த தூரம், தூக்கம், இதயத் துடிப்பு ஆகியவற்றுக்கு அது உதவும்.

பார்க்கும் முறை: காபி, பீடி, சிகரெட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் விட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். சட்டைக் கை மேல் கட்டாமல் வெறும் கையில், நெஞ்சு உயரத்தில் பட்டை இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். டயாலிசிஸ் இல்லாத நாட்களின் காலை, மாலை எண்களே மருத்துவருக்கு அதிகம் பயன்படும். டயாலிசிஸ் பிரிவில் எடுக்கும் பிரஷர் உடம்பில் நீர் நிறைந்த நேரத்திலோ நீரை எடுத்த நேரத்திலோ எடுப்பது. இதயத் துடிப்பு சீராக இல்லாதவர்களுக்கு டிஜிட்டல் மெஷின் ஒவ்வொரு முறையும் வேறு எண் காட்டும். அவர்கள் மூன்று முறை பார்க்க வேண்டும்.

ஃபிஸ்டுலாவுக்குக் கருவியே வேண்டாம். விரல் நுனி போதும். காலையிலும் இரவிலும் தொட்டுப் பார்த்தால் உள்ளே கிர்ரென்று ஓடும் அதிர்வு தெரியும். அதற்காகப் போனில் இரண்டு அலாரம் வைத்துக்கொள்ளலாம். அதிர்வு இல்லையென்றால் அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்கக் கூடாது. இரவானாலும் உடனே கூப்பிட்டுச் சொல்லுங்கள். சில மணி நேரத்துக்குள் வந்தால் அடைப்பை எடுத்துக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. தாமதமானால் கழுத்தில் குழாய் போட்டு, புது ஃபிஸ்டுலாவுக்குத் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

உணவுச் செயலிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலானவை கலோரிக்காகச் செய்தவை. இட்லி, தோசை எல்லாம் அதில் இருக்கும். பொட்டாசியம், பாஸ்பரஸ் இடங்கள் காலியாக இருக்கும் அல்லது பூஜ்யம் என்று காட்டும். காலியிடத்தை "இல்லை" என்று படித்துவிடுகிறார்கள். நம் ஊர்ப் பொருட்களுக்கான எண்களைத் தெரிந்துவைப்பது இதைவிட மேல். பண்ருட்டிப் பலா 100 கிராமில் சுமார் 450 மி.கி. பொட்டாசியம் இருக்கிறது. ஐந்தாறு சுளையிலேயே 100 கிராமைத் தாண்டிவிடலாம். ஒரு இளநீரில் சுமார் 600 மி.கி. இருக்கும். முந்திரி 100 கிராமில் பொட்டாசியம் 650 மி.கி. அளவிலும், பாஸ்பரஸ் 600 மி.கி.யை ஒட்டியும் இருக்கும். ஒரு நாளுக்குப் பொட்டாசியம் 2,000 மி.கி. அளவில், பாஸ்பரஸ் 800 முதல் 1,000 மி.கி. வரை என்பது பலருக்குச் சொல்லப்படும் எல்லை. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து ஆளுக்கு ஆள் மாறும். பலா சீசனில் வீட்டுக்கு வீடு பழம் வரும்போது பொட்டாசியம் ஏறி வருபவர்கள் இந்த வட்டாரத்தில் உண்டு. பொட்டாசியம் ஏறுவது வலிக்காது. கால் தளர்வு, நெஞ்சுப் படபடப்பு தெரிந்தால் தெரியும். பலருக்கு எதுவுமே தெரியாமல் இதயம் நின்றுவிடும். வாட்ச் எடுக்கும் ஒற்றைக் கோட்டு ஈ.சி.ஜி. இதைக் கண்டுபிடித்துச் சொல்லும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

நட்சத்திரப் பழம் ஒரு துண்டுகூட வேண்டாம். அதில் உள்ள நரம்பு நஞ்சைச் சிறுநீரகத்தால் மட்டுமே வெளியேற்ற முடியும். டயாலிசிஸ் நோயாளிக்கு நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு என்று போய் உயிருக்கே ஆபத்தாகும்.

காய்களைத் தோல் சீவி, சிறிதாக நறுக்கி, வெதுவெதுப்பான நீர் நிறைய ஊற்றி இரண்டு மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, மீண்டும் நிறைய நீரில் வேகவைத்து அதையும் வடித்துவிட்டால் பொட்டாசியம் ஓரளவு குறையும். முழுசாகப் போகாது. வடித்த நீரில் ரசம் வைத்தால் செய்த வேலை வீண். பாஸ்பரஸைப் பொறுத்தவரை பருப்பைவிடப் பாக்கெட் உணவே பெரிய எதிரி. பருப்பில் உள்ள பாஸ்பரஸில் பாதிக்கு மேல் உடம்பில் சேராமல் போய்விடும். பதப்படுத்தச் சேர்க்கும் பாஸ்பேட் உப்பு கிட்டத்தட்ட முழுதும் சேரும். அதன் அளவை லேபிளில் போட மாட்டார்கள். 338, 339, 340, 341, 450, 451, 452 என்ற சேர்மான எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கோலா பானங்களில் 338 இருக்கும். 508 என்றால் பொட்டாசியம் குளோரைடு. இந்த எட்டு எண்களைப் போனில் ஒரு படமாக வைத்துக்கொண்டு கடையில் ஒப்பிட்டுப் பார்ப்பது, எந்த உணவுச் செயலியைவிடவும் பயனுள்ளது.

அதேநேரம் பயந்து பட்டினி கிடக்கவும் கூடாது. டயாலிசிஸில் புரதம் வீணாகிறது. கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. "கிட்னி நோய்க்குப் புரதம் ஆகாது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் அறிவுரை டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்கான ஒன்றைத் தவறான இடத்தில் ஒட்டியது. முட்டையின் வெள்ளைக் கரு, புதிய மீன், கோழி ஆகியவற்றை உணவியல் ஆலோசகர் சொல்லும் அளவில் சாப்பிடலாம். தட்டைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினால், எண்ணிக்கையைத் தட்டச்சு செய்வதைவிடச் சரியான பதில் கிடைக்கும். அளவு தெரிய, தட்டு ஓரத்தில் ஒரு தேக்கரண்டியை வைத்து எடுங்கள்.

மாத்திரை நினைவூட்டலுக்குத் தனிச் செயலி வேண்டாம். பல போன்களில் பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று அந்தச் செயலிகளைப் போனே அணைத்துவிடும், அலாரம் அடிக்காது. போனோடு வரும் கடிகாரத்திலேயே கிழமை வாரியாக வையுங்கள். டயாலிசிஸ் நாளன்று காலை பிரஷர் மாத்திரையைத் தள்ளிப்போடச் சொல்லியிருந்தால், திங்கள், புதன், வெள்ளிக்கு ஒன்று, மற்ற நாட்களுக்கு ஒன்று என்று பெயர் போட்டு இரண்டு அலாரம். பாஸ்பேட்டைக் கட்டும் மாத்திரைக்கு மட்டும் அலாரம் சரிப்படாது. அது சாப்பாட்டோடு போனால்தான் உணவில் உள்ள பாஸ்பேட்டைப் பிடிக்கும். ஒரு மணிக்கு அலாரம் அடித்ததும் விழுங்கிவிட்டு மூன்று மணிக்குச் சாப்பிட்டால் வீண். அந்த டப்பாவைச் சாப்பாட்டு மேசையில், உப்பு ஜாடி இருந்த இடத்தில் வையுங்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு சொல். டயாலிசிஸுக்கு வந்தபின் இன்சுலின் உடம்பில் நீண்ட நேரம் தங்கும். சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்து கூடும். ரத்தசோகையாலும் அதற்குப் போடும் ஊசியாலும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரிப் பரிசோதனை (HbA1c) உண்மையைவிடக் குறைத்துக் காட்டக்கூடும். விரல் நுனிப் பரிசோதனையோ, வசதி இருந்தால் சென்சாரோதான் நம்பகம்.

வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்குப் போன் கேமரா நல்ல துணை. வெளியே வந்த திரவப் பையின் பின்னால் செய்தித்தாளைப் பிடித்துப் பாருங்கள். எழுத்து தெளிவாகப் படிக்க முடிந்தால் சரி. மங்கினால் வயிற்றுக்குள் தொற்று என்று எடுத்துக்கொண்டு, படத்தை அனுப்பிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அந்தப் பையோடு கிளம்ப வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தர வழி செய்திருக்கிறார்கள். கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவர்கள் இதைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

இனி ஆவணங்கள். ரிப்போர்ட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டால் அது பத்திரம் என்று நினைக்கிறார்கள். போன் மாறினால் போயிற்று. தாளை ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக, ஆண்டு, மாதம் முன்னால் வரும்படி "2025-06 ரத்தம்" என்று பெயரிட்டால் தானாகவே வரிசையாக நிற்கும். வீட்டில் இன்னொருவர் போனிலும் ஒரு பிரதி இருக்கட்டும். 14 இலக்க ஆபா எண்ணையும் (மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு எண்) எடுத்துவையுங்கள். கடலூர் மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனையில் பார்ப்பவர் புதுச்சேரி ஜிப்மருக்கும், புதுச்சேரியைச் சேர்ந்த பாகூரில் இருப்பவர் கடலூருக்கும் வருவது இங்கே அன்றாடம் நடப்பது. இடையில் இருப்பது இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் வெவ்வேறு அரசுகளின் கீழ் வருவதால் பதிவுகள் தானாகக் கடந்து வருவதில்லை. நோயாளியின் கையில் இருப்பதே சாட்சி.

புயல் வட்டாரமான நமக்கு இது இன்னும் அவசியம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலுக்குப் பிறகு கடலூர் மாவட்டத்தின் பல ஊர்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது நகரமே நீரில் நின்றது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரைச் சூழ்ந்தது. டயாலிசிஸ் மெஷினுக்கு மின்சாரம் மட்டுமல்ல, ஒரு முறைக்கு நூறு லிட்டருக்கு மேல் சுத்திகரித்த நீரும் வேண்டும். எனவே டி.என்.-அலர்ட் செயலியிலோ வானிலை மையத்தின் அறிவிப்பிலோ ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வந்ததும், "ஒரு நாள் முன்னதாகப் போட முடியுமா?" என்று பிரிவைக் கூப்பிட்டுக் கேளுங்கள். போக முடியாமல் மாட்டிக்கொண்டால் அரை லிட்டர் தண்ணீர், உப்பில்லாத சோறு, பழமும் பருப்பும் பாக்கெட் உணவும் தவிர்ப்பு என்று இரண்டு மூன்று நாள் தாக்குப்பிடிக்க முடியும். நிவாரண முகாமில் தரும் பிஸ்கட், வாழைப்பழம், புளிச்சாதம் பார்த்துச் சாப்பிட வேண்டியவை. அப்போது போனில் சார்ஜ் இருக்காது. டிரை வெயிட், எந்தக் கையில் ஃபிஸ்டுலா, ரத்த வகை, மஞ்சள் காமாலை பி, சி பரிசோதனை முடிவு, ஹெப்பாரின் (ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மருந்து) அளவு, ஒவ்வாமை, கடைசி டயாலிசிஸ் தேதி, பிரிவின் எண் ஆகியவற்றைத் தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் சட்டைப் பையில் வையுங்கள். வேறு ஊர் ஆஸ்பத்திரி உங்களை மெஷினில் போடும் முன் கேட்பவை இவைதாம்.

இவ்வளவும் குடும்பம் செய்ய வேண்டியவை. ஆனால் எழுதிய எண்ணை யாரும் பார்க்கவில்லையென்றால் எழுதுவது ஒரு மாதத்தில் நின்றுவிடும். இதைத்தான் சுகாதாரத் துறைகளின் பார்வைக்குக் கொண்டுவர விரும்புகிறோம். 2016-இல் அறிவித்த தேசிய டயாலிசிஸ் திட்டத்தாலும், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தாலும் மெஷினும் படுக்கையும் கிடைக்கின்றன. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவிலான நாட்களுக்குப் பொறுப்பாக ஒருவரும் இல்லை.

நாங்கள் கேட்பது பெரிய செலவு இல்லை. ஒவ்வொரு டயாலிசிஸ் பிரிவுக்கும் ஒரு போன், தினமும் காலை ஒரு மணி நேரம் அதற்கு ஒரு செவிலியர். நோயாளி அனுப்ப வேண்டியது இவ்வளவுதான்: "சிஸ்டர், காலை 52.1. பிரஷர் 150/90. மூச்சு பரவாயில்லை, கால் லேசா வீக்கம்." செவிலியர் பதில்: "ஐயா, நேத்துக்கு இன்னிக்கு ஒன்றரை கிலோ ஏறியிருக்கு. நேத்து என்ன குழம்பு வச்சாங்க? இன்னிக்குக் கருவாடு, ஊறுகாய் வேண்டாம். சாயந்தரம் மறுபடி வெயிட் பார்த்து அனுப்புங்க. படுக்க முடியாம மூச்சு வாங்குனா மெசேஜ் போடாம 108-க்குப் போன் பண்ணிட்டு வந்துருங்க." இந்த ஒரு பதிலால் வெள்ளிக்கிழமை நான்கு கிலோவோடு வர வேண்டியவர் இரண்டரையோடு வருவார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், கண் பார்வை குறைந்தவர்கள் குரல் பதிவாக அனுப்பலாம். வீட்டில் இருக்கும் ஒரே போனை மகன் வேலைக்கு எடுத்துப் போகிறார் என்றால் அவர் கிளம்பும் முன் அனுப்பட்டும். போனே இல்லாதவர்களுக்கு நாட்காட்டியில் எழுதி எடுத்துவரச் சொல்லலாம். அதுவும் சமமாகப் பார்க்கப்பட வேண்டும்.

சில எல்லைகளும் வேண்டும். எல்லா நோயாளிகளையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் போட்டு ரிப்போர்ட்டுகளைப் பகிரக் கூடாது. மஞ்சள் காமாலை, எச்.ஐ.வி. முடிவுகள் அதில் இருக்கும். ஊர் முழுக்கப் பரவினால் அந்தக் குடும்பம் படும் பாடு நமக்குத் தெரியும். தனித்தனி உரையாடல், எழுத்தில் சம்மதம். மாத்திரை அளவை மாற்றுவது மருத்துவர் மட்டுமே. டெக்னீஷியனோ செவிலியரோ மெசேஜில் செய்யக் கூடாது. மருத்துவர் தொலைவிலிருந்து பார்க்க அரசின் இ-சஞ்சீவனி சேவை இருக்கிறது. கிளினிக்குக்கு வர வேண்டிய சாதாரண ஆலோசனைகளுக்கு அதைப் பயன்படுத்தலாம்.

மாதாந்திர ரத்தப் பரிசோதனை முடிவைத் தமிழில், ஒரே பக்கத்தில் தர வேண்டும் என்பது எங்கள் இரண்டாவது கோரிக்கை. ஹீமோகுளோபின், பொட்டாசியம், பாஸ்பரஸ், கால்சியம், அல்புமின், டயாலிசிஸ் எவ்வளவு சுத்தம் செய்தது என்ற கணக்கு ஆகிய ஆறும் போதும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் போன மாத எண், இருக்க வேண்டிய அளவு, செய்ய வேண்டியது ஒரு வரி. ஒரு முறை டயாலிசிஸ் முடிந்ததும் ரத்தத்தில் யூரியா நூற்றுக்கு 65 பங்காவது குறைந்திருக்க வேண்டும் என்று தெரிந்தால், "அரை மணி நேரம் முன்னாடி கழற்றி விடுங்க" என்று கேட்பதற்கு முன் நோயாளியே யோசிப்பார். அதே தாளின் மேல் பகுதியில் பிரிவின் போன் எண்ணையும், செய்தியைப் பார்க்கும் நேரத்தையும், மற்ற நேரத்தில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் கண் மங்கியவரும் படிக்கும்படி பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர்கள், டெக்னீஷியன்கள், உணவியல் ஆலோசகர்கள் சிலர்,
கடலூர் – புதுச்சேரி